சிவப்பு பல்பும் பூக்காத வட்டமும்

என் அன்பு நெட்டச்சிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடும் வழக்கமான சண்டையோடும் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசாமல் இவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் அம்மா முகம் பளபளன்னு இருக்கு, வயசே ஏறலன்னு மூச்சுக்கு மூச்சு சொன்னாயே, அது என் முகம் இல்லை, சிவப்பு பல்பு. முதலில் வெள்ளை விளக்கில்தான் பேசினேன், ஏம்மா வெளிறிப்போய் இருக்க, ரத்தம் கம்மியான்னு உன் நர்ஸ் வேலையை என்னிடமே காட்டினாய். மறுநாளே நான் வேலை பார்க்கிற பூப்பண்ணையில் ஒரு சிவப்பு பல்பைக் கழற்றி வந்து மாட்டிக்கொண்டேன். சிரிக்காதே, இன்னும் இருக்கிறது.

வீட்டில் பேச முடியாது என்பது உனக்கே தெரியும். உன் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நடுவில் தலையை நீட்டுவார், உனக்கு என் காதுக்குப் பதில் அவர் மூக்குத் துவாரம்தான் தெரியும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் பின்பக்கம் பண்ணையின் சாமந்திக் கொட்டகைக்குப் போய், ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அந்த பல்புக்கு அடியில் உட்கார்ந்துதான் உன்னோடு பேசினேன். சாயங்காலம் கறுப்புத் துணியை இழுத்து மூடுவது என் வேலை, சாவியும் என்னிடம், அப்புறம் யார் கேட்பது.

போன மாதம் முதலாளியம்மா உள்ளே வந்தார். கொட்டகை முழுக்க மொட்டு, நடுவில் மட்டும் தட்டு கவிழ்த்து வரைந்த மாதிரி ஒரு வட்டம், அதில் வெறும் இலை. வட்டத்துக்கு நடுவில் என் கூடை. அவர் நேராகப் போய்ப் பிடித்தது நம் காவல்காரரை, அதுதான் நம் கொட்டாவி அண்ணனை. ராத்திரியில டார்ச்சை வச்சுக்கிட்டு இங்க சீட்டா ஆடுனன்னு கேட்க, அந்த மனுஷன் பதறிப்போய், இல்லம்மா, நான் டூட்டியில தூங்குறவன், எனக்கு எதுக்கும்மா வெளிச்சம் என்று சொல்லிவிட்டார். உண்மைதான், ஆனால் சொல்லுகிற உண்மையா அது. நாற்காலியை எடுத்து வச்சிட்டுக் கிளம்புன்னு முதலாளியம்மா சொல்ல, அவர் நிஜமாகவே நாற்காலியைத் தூக்கிவிட்டார். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஆள். வட்டம் என்னுதும்மா என்று முன்னே போய் நின்றேன், பல்பு கதையையும் சொன்னேன்.

உன் மூஞ்சிக்கு மினுக்கு ஏத்த என் செடிதான் கிடைச்சுதான்னு கேட்டுவிட்டு அவர் விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. சாமந்திக்கு முழு நீள ராத்திரி வேண்டுமாம். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் ராத்திரி இரண்டாக உடைந்துவிடும், ஓகோ இன்னும் நீளப் பகல்தான் என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். அதிலும் சிவப்பு வெளிச்சம்தான் அதுகளுக்குப் பளிச்சென்று உறைக்குமாம். பக்கத்துக் கொட்டகையில் சின்னச் செடிகள் அவசரப்பட்டுப் பூக்காமல் வளரட்டும் என்று வேண்டுமென்றே மாட்டிவைத்த பல்பு அது. நான் அதைத்தான் தேடிப்பிடித்துக் கழற்றியிருக்கிறேன். கடைசியில், வட்டத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ, மொட்டு வந்தா ரெண்டு பேரும் இருங்க, வரலன்னா ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து கொட்டாவி விடுங்கன்னு சொல்லிவிட்டார்.

இப்போது நம் சாமான் அறை முழுக்கத் தொட்டிகள். ஜன்னலுக்கு அப்பா கறுப்புத் துணி தைத்து மாட்டினார், ஊசி ஓட்டை வழியாகக்கூட வெளிச்சம் வரக்கூடாது என்று நான் மேற்பார்வை பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் பூட்டு, நன்றாக விடிந்த பிறகு திறப்பு. கொட்டாவி அண்ணன் தினமும் காலையில் வாசலில் வந்து நின்று, அக்கா, ஏதாவது தெரியுதா என்று கேட்கிறார், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற புருஷன் கெட்டான். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பும்போது அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க முதலாளியம்மா பச்சைக் காகிதம் சுற்றிய டார்ச் கொடுத்தார், பச்சை அதுகள் கண்ணில் அவ்வளவாகப் படாதாம். அந்த வெளிச்சத்தில் உன்னைக் கூப்பிடலாமே என்று கண்ணாடியில் பார்த்தேன். கிணற்றுப் பாசி மாதிரி இருந்தேன். அதனால்தான் கடிதம்.

அங்கே டீ குடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது என்கிறாயே, நீ சாமந்தியாக இருந்தால் இந்நேரம் பூத்துக் குலுங்கியிருப்பாய். மனுஷியாகப் போனதால் சோர்ந்து கிடக்கிறாய். எழுந்ததும் முதல் வேலையாகத் திரையை விலக்கு, கிடைக்கிற வெயிலில் கொஞ்சம் நட, டூட்டி முடிந்து வந்தால் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காமல் சூடாக எதையாவது செய்து சாப்பிடு. நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே, இந்த வாரம் அப்பாவோடு பேசினால் எங்கே தூங்கினீங்கன்னு கேட்காதே. நேற்று சாயங்காலம் ஜன்னல் துணியில் ஓரம் பிரிந்திருக்கிறது என்று தைக்கச் சாமான் அறைக்குள் போயிருக்கிறார், அது தெரியாமல் நான் நேரமாகிவிட்டது என்று வெளியே பூட்டிவிட்டேன். அவசரத் தையலுக்குக் கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்து டிவி பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன், அந்தச் சத்தத்தில் அவர் கதவைத் தட்டியது காதில் விழவே இல்லை. லைட்டில் கை வைத்தால் சோறு கிடையாது என்று நான் சொல்லியிருந்ததால் அவர் விடியும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் திறந்ததும், வலது பக்கம் மூணாவது தொட்டியில மொட்டு வந்திருக்கு, தடவிப் பார்த்தேன், பட்டன் சைஸ் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். வாசலில் கொட்டாவி அண்ணனுக்கு நானே போய்ச் சொன்னேன்.

இப்படிக்கு,
நிஜ நிறத்தில்,
உன் அம்மா