பத்து நிமிடம் முந்திய காற்று

கணவாய் வானிலை நிலையம்
மார்ச் 19

அன்புள்ள புருல்கானுக்கு,

ஷார்ஷென் எழுதுவது. நான் நலம். நாரினில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு இறங்கிப்போன மறுநாளே இங்கே தலைவலி தொடங்கிவிட்டது. நம் கருவி அனுப்பும் காற்று, பனி அளவெல்லாம் பத்து நிமிடம் முன்னே ஓடும் நேரத்தோடு போய்ச் சேருகிறதாம். இன்னும் நடக்காத சங்கதி என்று தலைமை அலுவலகத்துக் கணினி அத்தனையையும் தள்ளிவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் மீரிம் தினமும் வயர்லெஸ்ஸில் வந்து, "என்ன அண்ணே, இனிமே அடிக்கப்போற காத்தை இப்பவே அனுப்புறீங்க, குறி சொல்ல ஆரம்பிச்சிட்டீங்களா?" என்கிறாள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் நிலையத்தைப் பூட்டி எங்களைக் கீழே இறக்கிவிடுவார்களாம். அப்புறம் நீ திரும்பி வர வீடு ஏது?

மூன்று வாரம், புருல்கான். தினமும் சாயங்காலம் அவள் சொல்லும் நேரத்துக்குக் கருவியைத் திருத்துவேன். விடிந்தால் மறுபடி பத்து நிமிடம் முந்தி நிற்கும். பேட்டரியை இரண்டு தடவை மாற்றினேன். கம்பியைக் கழற்றி மாட்டியதில் விரலெல்லாம் வெடித்துவிட்டது. காலையில் நம் சுவர்க்கடிகாரமும் கருவியும் ஒரே நேரம் காட்டியதால், "மொதல்ல உங்க ஆபீஸ் கடிகாரத்தைப் பாரும்மா" என்று அவளிடம் சண்டை வேறு போட்டேன்.

நேற்று விடியலில் நம் தோக்தோசுனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். கருவியைத் திறந்து நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தான். "மிஷின் தெனமும் பத்து நிமிஷம் பின்னாடி கெடக்குதுண்ணே. நாந்தான் சுவர்க்கடிகாரத்தைப் பாத்து சரி பண்ணி வைக்கிறேன்" என்கிறான், பதக்கம் வாங்கப்போகிறவன் மாதிரி. கூட வேலை செய்ய எனக்கென்று வந்து வாய்த்தான். சுவர்க்கடிகாரம் சரியென்று உனக்கு யார் சொன்னது என்று கத்தினேன். "அக்கா கெளம்புறப்போ ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பினாங்க. இனிமே இதுதான் நேரம், அண்ணனைத் தொட விடாதேன்னாங்க."

திட்ட வாயெடுத்தவன் அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை கோபத்தில் மூட்டை கட்டியவள், நான் அளவெடுக்கப் பிந்திவிடக் கூடாதென்று முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளிவைக்க ஏறி நின்றிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருந்தது.

கருவியைச் சரிசெய்து பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். இன்று அனுப்பியதெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நிலையத்தை மூடும் பேச்சு இனி இல்லை என்று மீரிம் சொன்னாள். சுவர்க்கடிகாரத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

கடிதத்தோடு லாரிக்காரரிடம் கொஞ்சம் குருத், அந்தக் காய்ந்த தயிர் உருண்டை, கொடுத்தனுப்புகிறேன், உனக்குப் பிடித்த உப்புக் கூடினது. சனிக்கிழமை பஸ் பதினொரு மணிக்குக் கீழ்முக்கில் நிற்கும். போன மாதம் உன்னை நாற்பது நிமிடம் பனியில் நிற்கவைத்தேனே, அதே முக்கு. வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கடவுள் உன்னை நலமாக வைக்கட்டும்.

நான் உன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவேன்.

உன்
ஷார்ஷென்