புக்கிட் லோக்கோ விலாசம்

மார்ச் 4, 2024

கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பங்சாரிலிருந்து ராதாகிருஷ்ணன் அண்ணன் போன் செய்தார். கட்சியின் ஆண்டு மலருக்கு, ஒழித்துவிட்ட நம் புக்கிட் லோக்கோ நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். "மகளிர் பகுதிச் செயலாளரா பதினாலு வருஷம் இருந்தே ராஜம்மா. வேற யாருக்குத் தெரியும் லா?"

பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 9

நான்கு பக்கம் எழுதிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் ரயில்வே குவார்ட்டர்ஸ், இரண்டு அடுக்குமாடிகள், ஒரு சீனக் கடைவரிசை. அவ்வளவுதான் தொகுதி. 1996-இல் குவார்ட்டர்ஸை இடித்து எங்களைக் கிள்ளானில் இந்த அரசு வாடகை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். 1999 தேர்தலில் ஐந்து பஸ்ஸில் திரும்பிப் போய் வாக்களித்தோம். 187 வாக்கில் ஜெயித்தோம். 2003-இல் எல்லையைத் திருத்தித் தொகுதியைப் பக்கத்து இரண்டு தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

"மக்கள் தாமாகவே திரும்பி வந்தனர்" என்று எழுதியிருக்கிறேன். தாமாகவா? வீடு வீடாகப் போய், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, "ஐசியில விலாசத்தை மாத்தாதீங்க, மாத்துனா தொகுதி போயிடும்" என்று சொன்னது யார்?

மார்ச் 15

கீழ்வீட்டுத் தங்கமணி அக்கா வந்தாள். குவார்ட்டர்ஸிலும் பக்கத்து வீடு. இருபது வருஷம் இங்கே இருந்தவர்களுக்கு வீட்டை எழுதித் தரப்போகிறார்கள். மற்றவர்கள் ஜூலைக்குள் காலி செய்ய வேண்டும். ஐசியில் உள்ள விலாசம்தான் ஆதாரம். அக்காவின் ஐசியில் இன்னும் புக்கிட் லோக்கோ, கதவு எண் 14. அவள் வாடகைச் சீட்டுகளும் அலுவலகப் பேரேடும் 2021 வெள்ளத்தில் போய்விட்டன.

"நீ மாத்தாதேன்னே, நான் மாத்தலை" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 16

மற்றவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம், வேலை என்று ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டார்கள். அக்காவுக்குப் பிள்ளையில்லை, மாற்ற அவசியம் வரவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் கோமுட்டர் ரயில் ஏறிப் போய் வாக்களித்துவிட்டு வருவாள். தொகுதி போய் இருபத்தொரு வருஷம். "இனிமே மாத்திக்கலாம் அக்கா" என்று சொல்ல, படியிறங்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா எனக்கு?

மார்ச் 21

அக்காவுடன் வீடமைப்பு அலுவலகம் போனேன். முகப்பில் இருந்த பெண் நல்லமாதிரி. "ஆன்டி, இதே பிளாக்ல ஆரம்பத்துலருந்து ஐசியில ரெக்கார்ட் உள்ள ஒருத்தர் சாட்சி சொன்னா, அப்பீல் போட்டுப் பாக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நமக்கு ஏது ரெக்கார்டு? நாமதான் மாத்தலையே."

நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

மார்ச் 22

எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 1997. மகள் மாதவிக்கு இங்கே பள்ளியில் இடம் வாங்க, என் விலாசத்தை மாற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் வீடு வீடாகப் போனேன். த்தூ, என்ன பொம்பளை நான்.

மார்ச் 23

சாட்சி சொன்னால் அக்காவுக்கு வீடு கிடைக்கலாம். சொன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 2

சாட்சி கொடுத்துவிட்டேன். நான் விலாசம் மாற்றிய தேதியை அந்தப் பெண் சத்தமாகப் படித்தாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். இறங்கிய பிறகுதான் கேட்டாள்.

"தொண்ணூத்தொம்பதுல பஸ்ல என் பக்கத்துலதானே உக்காந்து வந்தே?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு நீ ஓட்டே போடலையா?"

"இல்லக்கா. கட்சிக் கூடாரத்துல இருந்தேன்."

"நான் வெளியே வந்தப்ப தண்ணி குடுத்தியே."

ஏப்ரல் 19

அக்கா மேலே வருவதில்லை.

மே 20

அப்பீல் தள்ளுபடி. சாட்சியின் பதிவு சாட்சி இங்கே இருந்ததைத்தான் காட்டுகிறதாம், அக்கா இருந்ததை அல்ல. எனக்கு வீடு உறுதி. அதே தபாலில் வந்தது.

மே 27

வரலாற்றைத் திருத்தி, என் பெயரோடு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அண்ணன் கூப்பிட்டார். "எதுக்கும்மா இதெல்லாம்? மலர்ல போடுற விஷயமா இது?"

"நடந்தது அதுதாண்ணே."

"சரி, பாக்குறேன்."

ஜூலை 6

மலர் வந்தது. "மக்கள் தாமாகவே திரும்பி வந்தனர்." கீழே படம்: பஸ் வாசலில் தங்கமணி அக்கா, அவள் தோளில் என் கை. பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டேன்.

ஜூலை 30

நாளை கடைசி நாள். கீழே போய்க் கதவைத் தட்டினேன். "என்கூட வந்துடுக்கா. மாதவி ரூம் சும்மாதான் கிடக்கு." உள்ளே திரும்பிப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

ஜூலை 31

இரண்டு பைகளோடு வந்தாள். சாப்பிட்ட பிறகு, விலாசம் மாற்றும் படிவத்தை எடுத்து நிரப்ப உட்கார்ந்தேன்.

"எந்த விலாசம் எழுதப்போறே?"

"இந்த வீடுதான்க்கா."

"உன் ஐசியைக் காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவு எண் வரை விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"சரி, எழுது" என்றாள். ஐசியைத் திருப்பித் தரவில்லை. எழுதி முடிக்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.