அப்பாவின் பெயரைக் காட்டிய கை

அனுப்புநர்:
சி. சங்கவி,
த/பெ. (லேட்) சின்னக்கண்ணு,
பதினோராம் வகுப்பு மாணவி,
காலனித் தெரு,
விக்கிரவாண்டி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பொருள்: என் அப்பா சாலை விபத்தில் இறந்து கிடந்த இடத்தில் என் அம்மாவை எடுத்த வீடியோ, ‘கண்ணக்கா’ என்ற பெயரில் கேலி மீமாகவும் ஸ்டிக்கராகவும் பரவி வருவது – வரும் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கடைத் திறப்பு விழாவில் என் அம்மாவை மேடையேற்றி அதையே மறுபடி செய்யவைக்க இருப்பது – அவருக்குத் தெரியாமல் இதைத் தடுத்து நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அம்மா தூங்கிய பிறகு இந்த மனுவை எழுதுகிறேன். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கள் கைக்கு வராது என்பதால், எங்கள் தமிழாசிரியை இருதயமேரி டீச்சர் இதை விழுப்புரத்துக்கு நேரில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதில் அனுப்புவதாக இருந்தால் அவரிடமே கொடுக்க வேண்டுகிறேன். எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பஸ் நிறுத்தத்தில் உள்ள செல்போன் கடையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இந்த மனுவில் நான் புகார் செய்யும் தென்னரசு என்பவர்தான் அந்தக் கடையின் உரிமையாளர்.

2. என் அப்பா சென்ற ஆண்டு புரட்டாசியில், மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் காலத்தில், விக்கிரவாண்டி அருகே நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி அதே இடத்தில் இறந்தார். அம்மா சாலைக்கு அந்தப் பக்கம் கடலைக் கொல்லையில் பிடுங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், அப்பாவின் செருப்பில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழவில்லை. விசாரணைக்கு வந்த காவலர், இறந்தவர் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டார்.

3. ஐயா, என் அம்மா தன் கணவரின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களில் அம்மா வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என்று எங்கே கேட்டாலும், அம்மா ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கீழே வைப்பார். பிறகு அந்த விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, சிறியது என்று காட்டுவார். சின்னக்கண்ணு. வீட்டில் அப்பா வேண்டுமென்றே, “எம்பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்” என்று கேட்பார். அம்மா சோற்றுக் கையோடு அப்படிக் காட்டுவார். கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொள்ளும். அப்பா சிரிப்பார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் இருந்த விளையாட்டு அது ஒன்றுதான்.

4. அன்றும் அந்தக் காவலருக்கு அம்மா அப்படித்தான் காட்டினார். அதைத்தான் தென்னரசு செல்போனில் எடுத்தார்.

5. விபத்து நடந்த அன்றே அவர் தன் பேஸ்புக் பக்கத்தில் முழு வீடியோவையும் ‘கோர விபத்து’ என்று போட்டிருக்கிறார். அதை அதிகம் பேர் பார்க்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு அதிலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தார். பக்கத்தில் துணி மூடிக் கிடந்த அப்பாவை நீக்கிவிட்டு, பின்னால் குத்துப்பாட்டு சேர்த்து, சுற்றிலும் ரோஸ் நிற இதயங்களைப் பறக்கவிட்டு, ‘சின்னதா ஒரு லுக்கு’ என்று எழுதி, ‘கண்ணக்கா’ என்று பெயரும் வைத்தார். இப்போது அதைப் பார்க்காதவர்கள் எங்கள் மாவட்டத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

6. நான் அதை முதலில் பார்த்தது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். என்னிடம் போன் இல்லை. என் தோழி அம்சவள்ளியின் போனில் வீட்டுப்பாடம் பார்க்கும்போது அது ஸ்டிக்கராக வந்தது. முகத்தைப் பார்த்ததும் அம்மா என்று தெரிந்தது. எந்த நாள் என்று தெரிந்தது மடியைப் பார்த்த பிறகுதான். வெட்டியவர் சரியாக வெட்டவில்லை. ஸ்டிக்கரின் கீழ் மூலையில் அப்பாவின் செருப்பு வார் தெரிகிறது. அறுந்துபோன வாரை அப்பா நீல ஒயரால் கட்டியிருந்தார். அந்த ஒயரும் தெரிகிறது. தென்னரசின் பக்கத்தில் அதற்குக் கீழே ஒருவர், “அக்கா மடில இன்னாது, சார்ஜரா?” என்று கேட்டிருந்தார். அதற்குச் சிரித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

7. அந்தக் குழுவில் அதை அனுப்பியவர் இருதயமேரி டீச்சர்தான். ஒரு மாணவி விடைத்தாளில் செய்திருந்த சிறிய தவறுக்காக வேடிக்கையாக அனுப்பியிருந்தார். டீச்சர் மீது இது புகார் அல்ல. நான் போய்ச் சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “ஒங்கம்மாவ நான் மீட்டிங்ல பாத்திருக்கேனேடி, எப்பிடி எனக்குத் தெரியாமப் போச்சி” என்று மட்டும் கேட்டார். நல்லவர்களும் அதை அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிக பயம்.

8. நல்லவர் அல்லாதவர்கள் வேறு அர்த்தத்தில் பயன்படுத்துகிறார்கள். பஸ்ஸில் பையன்கள் எங்களைப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே விரல் வைத்து, பிறகு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டுகிறார்கள். “வரியா” என்பதற்கு அது சைகை ஆகிவிட்டது. இன்னும் மோசமான அர்த்தங்களும் உண்டு. அவற்றை இந்த மனுவில் எழுத எனக்குக் கை வரவில்லை. போன வாரம் பஸ் நிலையத்தில், அப்பா வயதுள்ள ஒருவர் என்னைப் பார்த்து அதைச் செய்தார். அவர் செய்தது என் அப்பாவின் பெயர் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து குளித்தேன். அப்போதும் அருவருப்பு போகவில்லை.

9. அம்சவள்ளியின் போனில் தென்னரசின் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போய், பழைய முழு வீடியோவையும் பார்த்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அம்மா அப்படிக் காட்டியதும் அந்தக் காவலர் உடனே, “சின்னக்கண்ணுவாம்மா?” என்று கேட்கிறார். அம்மா தலையாட்டுகிறார். அவர் எழுதிக்கொள்கிறார். சிரிக்கவில்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் புரிந்தது. மீம் அதற்குச் சற்று முன்னால் வெட்டப்பட்டிருக்கிறது. அவருடைய அந்த ஒரு சொல் சேர்ந்திருந்தால் யாராலும் சிரித்திருக்க முடியாது.

10. இரண்டாவது, வீடியோவின் தொடக்கத்தில் டீக்கடைப் பெண் ஒருவரின் குரல் கேட்கிறது. “ஏம்பா, போன கைல வெச்சிக்கினு நிக்கிறியே, 108-க்குப் போடேன்” என்கிறார். எடுப்பவர் பதில் சொல்லவில்லை. படமும் அசையவில்லை. பிறகு அந்தப் பெண்ணே தன் போனில் பேசும் சத்தம் கேட்கிறது.

11. இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. தென்னரசு போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை அன்று அம்மா பார்த்திருக்கிறார். அவர்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார் என்று நம்புகிறார். தென்னரசும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அம்மா கூலி வேலை செய்வது அவர் தகப்பனாரின் நிலத்தில். கூலியோடு கிடைக்கும் மல்லாட்டையில் முதல் முறத்தை அம்மா அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்கு அவிப்பார். “அந்தத் தம்பி இல்லன்னா அன்னிக்கி நாதியத்துக் கெடந்திருப்பாரு ஒங்கப்பா” என்று சொல்லிக்கொண்டேதான் அவிப்பார். அதைச் சாப்பிட முடியாமல் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுகிறேன்.

12. வீடியோவை நீக்கும்படி நான் தென்னரசின் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஒங்கம்மா இப்ப ஃபேமஸு, சந்தோசப்படுவியா, மூஞ்சத் தூக்கினு வந்து நிக்கிறியே. வெளிய எங்கனா சொன்னன்னு வெச்சிக்கோ, நானே ஒங்கம்மாகிட்ட போட்டுக் காட்டிடுவேன்.” ஐயா, அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அவருக்கு இதுவரை எதுவும் தெரியாது. சந்தைக்குப் போகும்போது யாராவது சிரித்தால், தெரிந்தவர்கள் போல இருக்கிறது என்று அவரும் சிரித்துவைக்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

13. தென்னரசு திண்டிவனத்தில் புதிய கடை திறக்கிறார். பெயர் ‘கண்ணக்கா மொபைல்ஸ்’. பத்து அடி உயரத்தில் அம்மாவின் படத்தை வெட்டி வாசலில் நிறுத்தப்போவதாகவும், வருகிறவர்கள் அம்மாவோடு அப்படிச் செய்து செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டார். “பாஞ்சாலிக்கா, நீங்கதான் ரிப்பன் வெட்டணும். அன்னிக்கிப் போலீசுகிட்ட அண்ணன் பேரக் காட்டுனீங்களே, அதே மாதிரி மைக்குக்கு முன்னால ஒருவாட்டி காட்டணும். அண்ணன் பேரு ஊரெல்லாம் நிக்கட்டும்” என்றார். பேரைத்தான் காட்டினார் என்பது அவருக்குத் தெரியும் என்பதை அப்போதுதான் நான் அறிந்தேன். தெரிந்தே செய்திருக்கிறார்.

14. அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். கணவனை இழந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்க விடுவதில்லை. சொந்தத் தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில்கூட அம்மா பந்தலுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார். “தாலி அறுத்தவள கூப்புட்டு ரிப்பன் வெட்டச் சொல்லுது பாரு அந்தத் தம்பி. மனுசன்னா அதாண்டி” என்று என்னிடம் சொன்னார். அவர் முகம் அப்படி மலர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

15. அன்றைக்குக் கட்டியிருந்த நீலப் புடவையையே கட்டிக்கொண்டு வரும்படியும் தென்னரசு சொல்லியிருக்கிறார். அம்மா அதைத் தூக்கி எறியவும் இல்லை, பிறகு கட்டவும் இல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். நேற்று எடுத்துத் துவைத்தார். முந்தானையில் இருந்த கறை போகவில்லை. இன்று மறுபடியும் சோப்பு போட்டுக் கசக்கினார். கறை உள்ளே போகும்படி மடித்துக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். இப்போது அது கொடியில் காய்கிறது. இதை எழுதும் இடத்திலிருந்து எனக்குத் தெரிகிறது.

16. இப்போதெல்லாம் எந்த ஸ்டிக்கரைப் பார்த்தாலும் அதற்கு வெளியே என்ன கிடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வாயைப் பிளந்து அழும் ஒரு சிறுவனின் ஸ்டிக்கர் எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் பிடிக்கும். பரீட்சை என்றால் அதைத்தான் அனுப்புவார்கள். அம்சவள்ளி அதன் மூல வீடியோவைத் தேடி எடுத்தாள். வெள்ளத்தில் வீடு போன அன்று எடுத்தது அது. அந்தச் சிறுவன் தன் அக்காவைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தாளா என்று அதில் இல்லை. அம்சவள்ளி போனை அணைத்துவிட்டாள். எல்லாவற்றையும் நிறுத்தும்படி நான் தங்களைக் கேட்கவில்லை. அது முடியாது என்று டீச்சர் சொன்னார்.

17. நான் கேட்பது இவைதான். ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் என் அம்மா அப்படிச் செய்யக் கூடாது. வாசலில் அவர் படம் நிற்கக் கூடாது. தென்னரசின் பக்கத்திலிருந்து மீமும் முழு வீடியோவும் நீக்கப்பட வேண்டும். அவர் பயமுறுத்தியதுபோல அம்மாவிடம் அதைப் போட்டுக் காட்டாமல் இருக்கத் தாங்கள்தான் தடுக்க வேண்டும். விழா ஏன் நின்றது என்று அம்மா கேட்டால், கடைக்கு ஏதோ அனுமதி கிடைக்கவில்லை என்று சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். காவல்துறையைப் பொய் சொல்லச் சொல்வது தவறு என்று எனக்குத் தெரியும். 108-ஐக் கூப்பிட்டது யார் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். அன்றைய நாளில் அவருக்கு மிஞ்சியிருப்பது ஒருவர் உதவினார் என்ற நினைப்பு மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் அவர் வேலைக்குப் போகும் கொல்லையில் எப்படிக் குனிந்து நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

18. வீடியோவில் இருப்பது அவர்தானா என்று உறுதி செய்ய வேண்டுமானால் என்னைப் பள்ளிக்கு வந்து கேளுங்கள். நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தே ஆக வேண்டும் என்றால், தங்கள் அலுவலர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுகிறேன். படிவத்தில் கணவர் பெயர் என்று ஓர் இடம் இருக்கும். அதை அம்மாவிடம் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் விரல் கண்ணுக்குத்தான் போகும். அந்த அறையில் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

அப்பாவின் பெயரை மேலே முகவரியில் நான் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

தங்களை நம்பி இதை எழுதும்,

சி. சங்கவி

நாள்: 10.09.2025
இடம்: விக்கிரவாண்டி