நுழைவுப் படிவத்தில் ‘கொண்டாட்டம்’ இல்லை

அனுப்புநர்:
பாலத்தெரு தையல்காரி,
பாலத்துக்கு இக்கரையில் முதல் கடை.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
எல்லை அனுமதி அலுவலகம்.

பொருள்: அக்கரைக் கல்யாணத்துக்குச் சென்றுவர வழி செய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாலத்துக்கு இந்தப் பக்கம் நம் நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு, நடுவில் தங்கள் இரும்புக் கதவு. பாலம் திறந்த நாளை இரு தெருக்காரர்களும் ஆண்டுதோறும் பாலத்தின் மேலேயே மேசை போட்டுக் கொண்டாடி வருகிறோம். அங்கே யாராவது தும்மினால் இங்கே வெந்நீர் கொதிக்கும், அப்படிப் பழக்கம்.

2. இவ்வாண்டு அந்த நாளில் கதவைக் கடக்கப் புதிய படிவம் வந்தது. ‘வருகையின் நோக்கம்’ என்ற இடத்தில் வியாபாரம், மருத்துவம், இறப்பு என மூன்றே கட்டங்கள். வேறு வழியின்றி எங்கள் தெருவிலிருந்து போன நாற்பத்தொரு பேரும் ‘இறப்பு’ என்று குறித்தோம். தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். “யாரு செத்தது?” என்று குமாஸ்தா கேட்க, என் கணவர் யோசிக்காமல் அக்கரை ரொட்டிக்கடை அக்காவைச் சொல்லிவிட்டார். அக்காவோ கதவுக்கு அப்பால் நின்று எங்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். “குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், என்னையா சாகடிக்கிறீங்க?” என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தனை படிவங்களும் நிராகரிக்கப்பட்டன.

3. வீடு திரும்ப மனம் வரவில்லை. கதவின் இருபுறமும் மேசைகளை ஒட்டிப் போட்டு, கம்பி வழியே கரண்டி கரண்டியாகப் பரிமாறிக்கொண்டோம். தங்கள் காவலர் கடமை தவறவில்லை. சாயவிருந்த சட்டியைப் பிடித்துக்கொடுத்தார், அவ்வளவே. உப்புக் குறைவு என்று அவர் ருசி பார்த்துச் சொன்னதை நாங்கள் லஞ்சமாகக் கருதவில்லை.

4. ரொட்டிக்கடை அக்காவின் மகளுக்கு வரும் இருபதாம் தேதி கல்யாணம். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பிறந்தபோது போட்ட முதல் சட்டையிலிருந்து எல்லாம் நான் தைத்தவை. கல்யாண உடைக்கு அன்று கம்பி வழியாகவே அளவெடுத்தேன். நாடாவை முதுகுக்குப் பின்னால் அவளே சுற்றிக் கொடுத்தாள். “சித்தி, நீங்க வரலைன்னா நான் இதைப் போடவே மாட்டேன்” என்றாள். சொன்னால் செய்கிறவள். முப்பது ஆண்டுத் தொழிலில் முதல்முறையாக அளவைத் தப்பாகக் குறித்துக்கொண்டு வந்தேன்.

5. ஆகவே, படிவத்தில் நான்காவதாகக் ‘கொண்டாட்டம்’ என்று ஒரு கட்டம் சேர்த்துத் தர வேண்டுகிறேன். அச்சாகத் தாமதமானால் பேனாவால் போட்டாலும் போதும். கல்யாணத்துக்குத் தாங்களும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அக்கா சொல்லச் சொன்னார். தங்களுக்குப் படிவம் தேவைப்படாது என நம்புகிறேன்.

நாள்: 2, செவ்வாய்க்கிழமை
இடம்: பாலத்தெரு

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையல்காரி