பச்சை விளக்கு எரிந்த பெட்டி

2012 அக்டோபர் 18, வியாழன். விழுப்புரம்

காலையிலிருந்து தூறல். கரண்ட் போவதும் வருவதுமாக. பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை. சட்னி சுமார்.

இந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு இடம். பெரியது இங்கே, திண்டிவனத்தில் டயாலிசிஸ் மட்டும் செய்யும் கிளை. நோயாளிகளின் விவரம் முழுக்க இங்குள்ள சர்வரில். ராத்திரிதோறும் அதன் நகல் இன்டர்நெட் லைன் வழியாகத் திண்டிவனத்தில் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் இருக்கிறது. இங்கே தீப்பிடித்தாலும் அங்கே ஒன்று பிழைக்கும். நல்ல ஏற்பாடு.

அதைச் சோதித்து அறிக்கை தரச் சென்னைக் கம்பெனி என்னை அனுப்பியிருக்கிறது. எது எப்படிக் கெடும் என்று முன்கூட்டியே யோசிப்பது என் வேலை. அதில் நான் கெட்டி. இது என் கையெழுத்து மட்டும் போட்டுப் போகும் முதல் அறிக்கை.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் ஏழுமலை. வயது ஐம்பது இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில்.

மரக்காணத்திலிருந்து அப்பா போன். காற்று சரியில்லை, கடலுக்குப் போகவில்லை. "எதெது கெட்டுப்போவும்னு சொல்றதுக்கா உனுக்குச் சம்பளம் தர்றாங்க?" ஆமாம் என்றேன். "அப்ப எனக்கும் அங்க ஒரு வேலை பாத்து வையி."

குடை வாங்க வேண்டும். மறக்கக்கூடாது.

அக். 19, வெள்ளி. திண்டிவனம்

வெயில். குடை வாங்கிய மறுநாள் வெயில்தான் அடிக்கும்.

பெட்டியைப் பார்த்தேன். செங்கல் அளவு, பச்சை விளக்கு. ஓடுகிறதா என்று நர்ஸைக் கேட்டேன். "அது பாட்டுக்கு எரிஞ்சுக்கினு கெடக்கு மேடம்." கேள்விப் பட்டியலில் டிக். நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

கிளம்பும்போது கட்டிலில் இருந்த அம்மாள் கூப்பிட்டார். பெயர் பூங்காவனம். முன்பு உப்பளத்தில் வேலை. "எனுக்கு ஒரு ஊசி ஆவாதும்மா. ஆடி மாசம் போட்டாங்க, மூஞ்சி வீங்கி மூச்சே நின்னுபுடுச்சு. அது பேரு என் வாயில நொழையல. அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். பத்ரமா கீதா?"

"பத்திரமா இருக்கும்மா. நான் பாத்துட்டேன்."

அக். 20, சனி

அறிக்கை அனுப்பியாயிற்று. நகல் ஏற்பாடு: பச்சை, அதாவது குறையில்லை. சென்னையிலிருந்து மேலாளர்: "சுத்தமா பண்ணியிருக்கீங்க." எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

பிரியாணி.

அக். 23, செவ்வாய். விழுப்புரம். ஆயுத பூஜை

ஏழுமலை நேற்று போன் செய்து அழைத்திருந்தார். சர்வர் அறையில் மாவிலைத் தோரணம். சர்வருக்குச் சாமந்தி மாலை. அதன் முன்னால் மேஜையில் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், பழைய கீபோர்டு. குத்துவிளக்கு. நடுவே சந்தனம் குங்குமம் வைத்து, திண்டிவனத்துப் பெட்டி.

முதலில் அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் கோபம் உச்சிக்கு ஏறியது.

"இத ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"வருஷா வருஷம் கொண்டாந்து படைக்கிறதுதாங்க. அதுவும் ஆயுதம்தானே."

"ரெண்டும் ஒரே ரூம்ல. பக்கத்துல விளக்கு. பத்திக்கிச்சுன்னா எது சார் மிஞ்சும்? மொதல்ல எடுங்க."

"படைச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுங்க. நாளைக்குக் காலையில எடுத்துடறேன். வெறும் பொட்டியாவும் வெக்கல, நேத்தே எல்லாத்தையும் புதுசா காப்பி ஏத்திட்டுத்தான் வெச்சேன்."

ராத்திரிதோறும் தானாகப் போவதை எதற்குக் கையால் ஏற்ற வேண்டும்? கேட்டேன். சூடத் தட்டைக் கீழே வைத்தார்.

"அது பங்குனியிலேயே நின்னுடுச்சு மேடம். அங்க ராத்திரில கரண்ட் போவுது, காப்பி பாதியில அறுந்துடுது. இன்வெர்ட்டர் கேட்டு ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தேன். இன்னும் வர்ல."

"பச்சை விளக்கு எரிஞ்சுதே."

"கரண்ட் இருந்தா எரியுங்க அது."

சுண்டல் கொடுத்தார்கள். மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நான் டிக் போட்டபோது பெட்டியில் இருந்தது பங்குனி வரை. பூங்காவனத்துக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது ஆடியில். அந்த வரி இந்தச் சர்வரைத் தவிர எங்கேயும் இல்லை. இப்போது இரண்டாவதாக ஓரிடத்தில் இருக்கிறது என்றால், நான் எடுக்கச் சொல்லிக் கத்திய இந்தப் பூஜையால்தான். வெட்கமாக இருக்கிறது. எழுதியே வைக்கிறேன்.

ஏழுமலை பொய் சொல்லவில்லை. நகலுக்கு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, கடைசியாக எப்போது போனது என்று கேட்கவில்லை.

குத்துவிளக்கை மட்டும் வராந்தாவுக்கு மாற்றச் சொன்னேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

மேலாளருக்குப் போன். அறிக்கையை வாபஸ் வாங்குகிறேன் என்றதும் குரல் மாறியது. "நம்மள என்ன நெனப்பாங்க?"

"பாக்காம டிக் போட்டேன்னு நெனப்பாங்க சார். அதுதான நடந்துது."

"சரி, அனுப்புங்க. இனிமே தனியா கையெழுத்து போடறது பத்திப் பேசணும்." பேசட்டும். வேலை எனக்குத் தெரியும். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

அக். 24, புதன். திண்டிவனம்

மழை. குடையை விழுப்புரத்தில் விட்டுவிட்டேன்.

ஏழுமலையும் நானும் பஸ்ஸில். பெட்டி அவர் மடியில், துண்டில் சுற்றி, குங்குமத்தோடு. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவராகவே, "என் பேரு ரிப்போர்ட்ல வருங்களா?"

"வரும். ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தீங்கன்னு. லெட்டர் காப்பியையும் சேத்துட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது அறிக்கை: நகல் ஏற்பாடு சிவப்பு. இன்வெர்ட்டர் உடனே. வாரம் ஒரு தடவை நகலைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில் சேரக் கூடாது. பூஜையைப் பெட்டி இருக்கும் இடத்திலேயே செய்யலாம். கேள்வி 43: கடைசி நகல் எந்தத் தேதி, திறந்து காட்டவும்.

பெட்டியை மாட்டினோம். பூங்காவனத்துக்கு இன்று டயாலிசிஸ். கையில் குழாய். என்னைப் பார்த்ததும், "இன்னா, மறுபடியும் வந்துட்ட?"

"சும்மாதாம்மா. ஒரு நிமிஷம் இருங்க."

பெட்டியிலிருந்த நகலில் அவர் பெயரைத் தேடினேன். நான்கு பூங்காவனம். மூன்றாவது இவர். ஆடி மாதத்துப் பக்கம், சிவப்பு எழுத்து, ஊசியின் பெயர். வாய்விட்டு ஒருமுறை படித்தேன்.

"பத்திரமா இருக்கும்மா."

"அதத்தான் அன்னிக்கே சொன்னியே."