மோட்டாரைப் போட்டவன் பெயர்

அன்புள்ள மாது அண்ணனுக்கு,

அண்ணன் என்று உன்னை இப்போதுதான் முதல் முறையாக அழைக்கிறேன். என்னைவிட மூத்தவன் நீ. ஆனால் நம் ஊரில் நிலபுலன் உள்ள காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். உன் அப்பாகூட என்னைச் ‘சின்னப் பண்ணாடி’ என்பார். நீ இல்லாமல் போன பிறகு அண்ணன் என்கிறேன். சுலபமாக இருக்கிறது. அதுவே வெட்கமாக இருக்கிறது.

நான் இப்போது சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கீழ் வீட்டுக்கு டி.வி. வந்திருக்கிறது. போன மாதம் அவர்களுடைய உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். ஜப்பான்காரர்கள் வரைந்த படமாம். பெரிய கண்கள், முள்முள்ளாகத் தலைமுடி, கையிலிருந்து நெருப்பு. ஐந்து பேர், எல்லாரும் பள்ளிக்கூட வயது. பாஷை ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகள் என்னை உட்காரவைத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். வாயசைவைப் பார்த்து நானாக வசனம் சொன்னேன்.

நாம் செய்ததுதானே அது? செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் வண்டியில் தொற்றிக்கொண்டு போய், பழைய பேப்பர் கடையில் படக்கதைப் புத்தகங்களைப் பொறுக்கி வருவாய். கடைசிப் பக்கம் எப்போதும் இருக்காது. பொட்டலம் கட்டக் கிழித்திருப்பார்கள். முடிவை நாம்தான் சொல்ல வேண்டும். நீ சொல்லும் முடிவில் யாரும் சாகமாட்டார்கள். யாரும் ஓடமாட்டார்கள். எல்லாரும் நிற்பார்கள்.

அந்த ஜப்பான் படத்தில் ஒரு காட்சி. ஐவரில் சின்னவன் பிடிபட்டுவிடுகிறான். மலை போன்ற ஒருவன் அவனைத் தூக்கிப் பிடித்து ஏதோ கேட்கிறான். பையன் இல்லை என்று தலையாட்டுகிறான். மறுபடியும் ஆட்டுகிறான். நான் வசனத்தை நிறுத்திவிட்டேன்.

“அங்கிள், ஏன் தலையாட்டுறான்?” என்றான் கீழ் வீட்டுப் பையன்.

“இதுகூடத் தெரியாதாடா லூசு? ஃப்ரெண்ட்ஸ் பேரைச் சொல்லமாட்டேங்கறான்,” என்றாள் அவன் அக்கா.

நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன்.

மாது, அந்த வறட்சி வருஷத்தை நினைத்துப் பார்க்கிறாயா? இறந்தவர்கள் நினைத்துப் பார்ப்பார்களா? பெரியப்பா கிணற்றில் மோட்டார் ஓடும்போது வாய்க்காலில் வருகிற தண்ணீரைத்தான் உங்கள் தெருவில் மொண்டுகொள்வார்கள். அந்த வாரம் பயிருக்கே பற்றாது, கிணற்றில் தண்ணீர் ஊறட்டும் என்று அவர் மோட்டாரை நிறுத்திவிட்டார். உன் தங்கை சரசு காலிக் குடத்தைக் காட்டினாள். நாம் மூவரும் வீரர்களானோம். பழைய குடைத்துணியில் கண்ணுக்கு ஓட்டை போட்டு முகமூடி. நீ இரும்பு, சரசு மின்னல், நான் புயல். முகமூடி போட்டுவிட்டால் ‘ங்க’ கிடையாது என்பது சரசு போட்ட சட்டம். “ஏண்டா புயலு, பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நிக்கிறயா? வாடா!” அவள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

பெரியப்பா சாப்பிட்டுத் தூங்குகிற மத்தியான நேரம். சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்குத்தான் தெரியும். கதவைத் திறந்தது நான். ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் நான். யாராவது ஒருவர் கிணற்றோரம் நின்று தண்ணீர் இறங்குவதைப் பார்க்க வேண்டும், அடியில் போனதும் நிறுத்த வேண்டும். யாரும் நிற்கவில்லை. வாய்க்காலில் புழுதியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் போக, அதற்கு முன்னால் மூவரும் உங்கள் தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினோம். வீரர்கள் திரும்பிப் பார்ப்பார்களா என்ன?

கிணறு வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகிவிட்டது. புகையைப் பார்த்து நான்தான் முதலில் திரும்பி ஓடினேன். என் பின்னால் வந்த நீங்கள் இருவரும் மோட்டார் அறைக்குப் பக்கத்துச் சோளக்காட்டில் பதுங்கினீர்கள். மோட்டார் அறை வாசலில் பெரியப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். முகமூடியைப் பிடுங்கினார். நான் தலையாட்டினேன். மறுபடியும் ஆட்டினேன்.

நீ சோளத்துக்குள்ளிருந்து வந்தாய். முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தாய்.

“நாந்தானுங்க பண்ணாடி. சின்னவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க.”

பெரியப்பா உன்னைத் தொடவில்லை. உன் அப்பாவை வரவழைத்து அவர் கையாலேயே உன்னை அடிக்கவைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நாளில் நீங்கள் வேலையைவிட்டு ராசிபுரம் போனீர்கள். நீ பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினாய். நான் பட்டணத்தில் பல்கலைக்கழகம் வரை போனேன்.

லாரி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விடுதி வாசலில் வந்து நிற்பாய். “என்ன புயலு, காத்தே வரல?” உன் டிரைவரிடம் என்னைக் காட்டுவாய். “அண்ணே, நாஞ் சொல்வனே, அடி உழுந்தாலும் பேர் சொல்லாத சிநேகிதன்னு? இவன்தான்.” அவர் என் கையைப் பிடித்துக் குலுக்குவார். நான் சிரிப்பேன். மறுநாள் விடுதியில் யாரவர் என்று கேட்டால், ஊர்க்காரர் என்பேன்.

பெரியப்பா அன்று என்னிடம் கேட்டது வேறு. “மோட்டாரைப் போட்டது நீயா?” அவ்வளவுதான். இல்லை என்று தலையாட்டினேன். அடுத்து “பின்ன யாரு?” என்று கேட்டிருந்தால் உன் பேரைச் சொல்லியிருப்பேன். நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் நீ வந்துவிட்டாய்.

மலைப்பாதையில் உன் லாரி கவிழ்ந்த செய்தி வந்தபோதும் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கவிதை எழுதினேன். சிற்றிதழ் ஒன்றில் வந்தது. அதில் மழை இருக்கிறது, சாலை இருக்கிறது. மோட்டார் இல்லை.

கேசட் பார்த்த மறுவாரம் ராசிபுரம் போனேன். உன் மகள் மலரைச் சரசுதான் வளர்க்கிறாள். பட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்தாள்.

“உக்காருங்க.”

“‘ங்க’ எல்லாம் எதுக்குச் சரசு?”

“மொகமூடி இல்லீங்களே,” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியுங்க. சோளத்துல நாந்தான் முன்னால உக்காந்திருந்தேன். அவரு கேட்டது எங் காதுல உழுந்துச்சு. அன்னிக்கே அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன்.”

“மாது என்ன சொன்னான்?”

“‘கம்முனு இரு’ன்னான். ‘கடைசிப் பக்கம் இல்லாத பொஸ்தகத்துக்கு நாமதான முடிவு சொல்லுவோம்? மூணு பேருமே நின்னோம்னு இருக்கட்டும்’னான்.”

சரசு தறிப் பக்கம் பார்த்தாள்.

“அவனுக்குப் பெரிய மனசுங்க. எனக்கு அவ்வளவு இல்ல. எங்கப்பன் அழுதுக்கிட்டே அவனை அடிச்சதை நானும்தான் பாத்தேன்.”

நீ தெரிந்துதான் சொன்னாயா, மாது? ஒவ்வொரு தடவையும்? ஒவ்வொரு டிரைவரிடமும்? நான் சிரித்துக்கொண்டு நின்றபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே? ஒரு நாளாவது நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? அதற்காகத்தான் வந்து வந்து நின்றாயா? இதை இனி யாரிடம் கேட்பது?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத வைத்தது அதுதான்.

அப்போது மலர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். உன் நெற்றி, உன் நடை. பையைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தாள்.

“அத்தை, இவுங்கதான் பேர் சொல்லாத மாமாவா?”

“அவரையே கேளு சாமி,” என்றாள் சரசு.

மலர் என் பக்கம் திரும்பினாள். “ஆமாங்களா?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆட்டிவிட்டேன், மாது. அன்று சிறுவன், பயம். இன்று எதற்குப் பயம்? ஒரு சின்னப் பெண்ணின் கண்ணுக்கா? சரசு எழுந்து தறிக்குப் போனாள். பஸ் ஏறும் வரை அந்தத் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியப்பா இன்னும் இருக்கிறார். வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தக் கதையை எடுப்பார். “மாதுப்பயல் மோட்டாரைக் கருக்கிப்போட்டான்ல?” சுற்றி எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அங்கே வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பேன்.

ஆவணியில் அவர் பேத்தி கல்யாணம். அந்தக் கதையை அவர் எடுப்பார். எடுக்காவிட்டால் நான் எடுப்பேன். எல்லார் முன்னாலும் சொல்வேன். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரம் போய் மலரிடம் சொல்வேன். தலையாட்டி அல்ல, வாயால். நீ சொன்ன முடிவு அவளுக்குப் பிடித்த முடிவு. அதைக் கிழிக்கப் போகிறேன். அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போகலாம். சரசு ‘ங்க’வை விடாமலே இருக்கலாம். நீ போட்ட கடைசிப் பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். நான் எழுதப்போவதில் இரண்டு பேர்தான் நிற்பார்கள். மூன்றாமவன் ரொம்பப் பின்னால், இப்போதுதான் வந்துகொண்டிருப்பான்.

பேர் சொல்லாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாயே. இதோ பேர்.

மோட்டாரைப் போட்டவன்,
உன் தம்பி
கதிர்வேல்