மாறிப்போன கசெற்

என் பிரியமுள்ள தம்பி தயா,

உங்கள் நியூ வேவ் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. நீ சின்தசைசர் வாசித்த ஒன்பது பாட்டுகளும் அதில் இருக்கின்றன. உன் மகள் அஞ்சனா இன்று கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாள். உறையில் நீங்கள் நால்வரும், பாடகி லீஸ் நடுவில். நீ கண்ணுக்கு மை தீட்டியிருக்கிறாய். அதற்காக உன்னை ஏசியது ஞாபகம் வந்தது.

இத்தனை வருடம் இது வராமல் போனது என்னால்தான். அதை உன்னிடம் நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

டவுன்டவுன் உணவகத்தில் நாம் ஒன்றாகக் கோப்பை கழுவிய காலம். உங்களைப் பதிவு செய்த ஸ்டூடியோ மூடப்பட்டு, உன்னிடமிருந்த ஒரு கசெற்தான் மிஞ்சியது. என் கையெழுத்து நல்லது என்று, பாட்டுகளின் பெயர்களை உறையில் எழுதத் தந்தாய். அதே மேசையில் அம்மாவுக்கு நான் பேசிப் பதிந்த கசெற்றும் கிடந்தது. கடிதத்துக்குப் பதில் குரலை அனுப்புவதுதானே அப்போது நம் வழக்கம். இரண்டும் ஒரே பெட்டியில் வாங்கியவை. எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற நான் அன்று பார்க்கவில்லை. உன் பாட்டு யாழ்ப்பாணம் போனது. என் குரல் உன்னிடம் வந்தது.

நான் பேசியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அம்மாவின் பதில் வந்தபோதே எனக்குச் சந்தேகம். ஆனால் உன் கசெற்றைப் பற்றிக் கேட்டபோது நீ, "நாடா அறுந்திட்டுது அண்ணை, விடுங்கோ" என்றாய். அதை நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நீ கண்ணை மூடிய பிறகு அஞ்சனா கேட்டாள்: "பெரியப்பா, அப்பான்ர பாட்டு ஏதும் உங்களிட்ட இருக்கோ?" ஒரு வாரம் தயங்கிவிட்டு, அம்மாவின் பொருட்களை வைத்திருக்கும் ரொறன்ரோத் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"அதோ? அது இஞ்சதான் கிடக்கு. அம்மா அதைக் கேட்டிட்டு, 'பொடியன் வெள்ளைக்காரியைப் பிடிச்சிட்டான், அவள்தான் பாடுறாள்' எண்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."

அடுத்த மாதமே எனக்கு ஏன் பெண் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

தங்கை அனுப்பிய கசெற்றை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அஞ்சனாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய், உன் மேசை லாச்சியிலிருந்து இன்னொரு கசெற்றை எடுத்துவந்தாள். உறையில் என் கையெழுத்தில் உன் ஒன்பது பாட்டுகளின் பெயர்கள். கீழே உன் கோணல் எழுத்து: "அண்ணை தாயோட கதைச்சது. அழிக்கக் கூடாது." யாரும் மேலே பதியாதபடி, விளிம்பிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிட்டிருந்தாய்.

அப்படியானால் உனக்குத் தெரியும். ஏன் கேட்கவில்லை, தயா? நான் கூசிப்போவேன் என்றா?

பாரம் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அஞ்சனா வீட்டில் தட்டைப் போடப்போகிறோம். உன் பாட்டை நான் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. காது வலிக்கிறது என்று எழுந்துபோய்விடுவேன். இம்முறை இரண்டு பக்கமும் முடியும்வரை எழும்ப மாட்டேன்.

உன் கூடப்பிறவாத அண்ணை,
கணேசன்